தங்கச்சியின் கலியாணத்தில் டோஸ்ட் சொல்ல வேண்டும், உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கலியாணம். காலையில் கொழும்பு பம்பலப்பிட்டியில் தாலிகட்டு, இரவு காலி வீதி ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்; கேக் வெட்டியதும் டோஸ்ட் சொல்வது, அதாவது கிளாஸை உயர்த்தி மணமக்களை வாழ்த்திப் பேசுவது, அவர்கள் வழக்கம். அப்பா இல்லாததால் என்னைச் சொல்லச் சொல்கிறார்கள்.

தங்களுக்கான டோஸ்டில் பொம்பிளை மாப்பிள்ளை குடிப்பதில்லை என்பது மட்டும் தெரியும். அம்மாவும் பெரியப்பாவும் மது தொடமாட்டார்கள். அவர்களுக்கு நெல்லி கிரஷ் கொடுத்தால் சரிதானே? நன்றியுரையை டோஸ்டோடு சேர்க்கலாமா, இல்லை மாப்பிள்ளையின் பதிலுரைக்குப் பிறகா?

அப்புறம் ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும் மாமிக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்ல ஆசை. அப்பா போன பிறகு எங்களைத் தாங்கியது அவர்தான். ஒருவரை மட்டும் சொன்னால் மற்றவர்கள் மனம் நோகுமோ? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.