வகுப்பு நடத்துகிறவர் பெறும் ‘கிரெடிட்’: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அனுப்புநர்: செவிலியர் ஆசிரியை, பாளையங்கோட்டை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சி.பி.ஆர். (நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி மறுபடி இயங்கவைக்க முயலும் முதலுதவி) உள்ளிட்ட உயிர்காப்புப் பயிற்சியைப் பள்ளிகளிலும் ஊர்ப்புறங்களிலும் சொல்லிக்கொடுக்கும் செவிலியர், மருத்துவர், ஆம்புலன்ஸ் பணியாளர் ஆகியோருக்கான கையேடு அது. நாற்பது பக்கமும் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்துப் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. வகுப்பில் உட்கார்ந்து கேட்பவர் பெறும் தொடர்கல்விக் கிரெடிட்டுக்கு, அதாவது பணியில் இருந்துகொண்டே கற்றதற்குக் கணக்கில் ஏறும் மதிப்புக்கு, ஒரு கட்டம். அதே வகுப்பை நடத்துகிறவர், நடத்தியதற்காகவே பெறும் கிரெடிட்டுக்கு இன்னொரு கட்டம். இரண்டையும் பார்த்தவுடன் பிரித்துக் காட்டும் சொல் வேண்டும்.

கிரெடிட்டின் இன்னொரு பொருளான ‘கடன்’ மட்டும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்த ஒரு பயிலரங்கில், படிவத்தில் ‘தொடர்கல்விக் கடன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த மூத்த செவிலியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை தவணை?” என்று என்னிடம் கேட்டார். நான் விளக்கியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கையெழுத்திடாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைய ஆறு மணி நேரமும் அவர் கணக்கில் ஏறவில்லை. அந்தப் படிவத்தை ஆக்கியவர்கள் ஒரு நாழிகை கூடுதலாக யோசித்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அனுப்புநர்: மயக்கவியல் மருத்துவர், தென்காசி

சகோதரிக்கு வணக்கம். சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளை ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொள்வோம்.

மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. எங்கள் பேச்சில் அது ‘சி.எம்.இ. பாயிண்ட்’. கேட்பவருடைய கணக்கு எளிது. உட்கார்ந்த நேரம்தான் கணக்கு. நடத்துகிறவருடைய கணக்கில்தான் நுட்பம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் தொடர்ந்து கற்கும் மருத்துவர்களுக்காக 1968இல் ஏற்படுத்திய மருத்துவர் அங்கீகார விருதின் விதிப்படி, புதிதாக ஆயத்தம் செய்து நடத்தும் ஒரு மணி நேர உரைக்கு இரண்டு கிரெடிட் கிடைக்கும். அதே உரையை வேறோர் ஊரில் மறுபடி நடத்தினால் அதற்கு மறுபடி கிடைக்காது. ஏனென்றால், அது சேவைக்குக் கொடுக்கும் பரிசு அன்று. பாடத்தை ஆயத்தம் செய்கையில் ஆசிரியர் தாமே கற்றதற்கான கணக்கு. நாம் ஆக்கும் சொல்லில் இந்தப் பொருள் தெரிய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் பரிந்துரை ‘பயிற்றுநர் புள்ளி’. புள்ளி என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (பணிநிறைவு), அம்பாசமுத்திரம்

மருத்துவரின் விளக்கம் தெளிவாக இருந்தது. அவர் தந்த சொல்லைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

தமிழில் புள்ளி என்பது வெறும் குறி அன்று. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்பது தொல்காப்பியம். மெய்யெழுத்து உயிர் சேராமல் தனித்து நிற்கும்போதுதான் அதன் தலையில் புள்ளி ஏறுகிறது. அகரம் வந்து சேர்ந்ததும் புள்ளி நீங்குகிறது. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’ என்ற நூற்பாவையும் உடன் வைத்துப் பாருங்கள். உயிர் சேர்ந்தாலன்றி உடல் இயங்காது என்ற உண்மையை நம் முன்னோர் எழுத்துக்கு இட்ட பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நின்றுபோன மெய்யை மறுபடி இயங்கவைக்கக் கற்றுக்கொடுக்கிறவர் கையில், உயிர் சேராத மெய்யின் அடையாளத்தைக் கொடுப்பது பொருத்தமாகுமா? இது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு சொல்லின் உள்ளே கிடக்கும் நினைவைப் பொருட்படுத்தாமல் புதுச்சொல் ஆக்கக் கூடாது என்பது நெடுங்காலம் வகுப்பறையில் நின்று நான் கொண்ட முடிவு.

பெறு என்னும் வினை முதனிலை திரிந்து ‘பேறு’ ஆகும். உழைத்துப் பெற்றதற்கு அதைவிடச் செம்மையான சொல் இல்லை. ‘பயிற்றுப்பேறு’ என்று எழுதலாம்.

அனுப்புநர்: செவிலியர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ‘பேறு’ என்றால் மகப்பேறு ஒன்றுதான். ‘பயிற்றுப்பேறு’ என்று தாளில் எழுதி, விளக்கம் ஏதும் சொல்லாமல் என் மாணவியர் இருவரிடம் காட்டினேன். “பிரசவம் பார்க்கப் பழக்குகிற வகுப்பா, டீச்சர்?” என்று இருவருமே கேட்டார்கள்.

அனுப்புநர்: அச்சக உரிமையாளர், திருநெல்வேலி டவுன்

அனைவருக்கும் வணக்கம். கையேடு என்னிடம்தான் அச்சாகிறது என்பதால் இதைக் கவனித்து வருகிறேன். கடைக் கணக்கில் கிரெடிட்டுக்கு எதிரே நாங்கள் தலைமுறை தலைமுறையாக எழுதுவது ‘வரவு’. பற்றுவரவு தெரியாத ஆள் இந்த ரத வீதியில் கிடையாது. ‘கற்றல் வரவு’, ‘கற்பித்தல் வரவு’ என்று இரண்டு கட்டமாகப் போட்டால் என்ன?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், நாங்குநேரி

அண்ணாச்சியின் ‘வரவு’ எனக்கும் பிடித்தது. ஆனால் படிவத்தில் ‘கற்பித்தல் வரவு’ என்று கண்டால், வகுப்பெடுத்ததற்கு வந்த பணத்தை எழுதச் சொல்கிறார்கள் என்றே பலரும் எண்ணுவார்கள். கடன் என்று அஞ்சி ஒருவர் போனார். வருமானம் என்று நம்பி இன்னொருவர் வரக்கூடாது.

என் கருத்து நேரானது. ‘கிரெடிட்’ என்றே எழுதுங்கள். தூய்மை பேசுகிறவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார், அது பெரும்பணி. நம் நெல்லையிலேயே 1930களில் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் வழியாகக் கலைச்சொல் ஆக்கினார்கள், அதையும் மறக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வகுப்பும் பாடநூலும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் பழக்க முடிந்தது. இது ஒரு படிவத்தின் ஒரு கட்டம். நிரப்புகிறவருக்கு அரை நிமிடத்தில் புரிய வேண்டும்.

இன்னொன்று. கையேட்டில் எங்கும் ‘பயிற்சியாளர்’ என்று எழுதிவிட வேண்டாம். பயிற்சி கொடுப்பவரையும் பெறுபவரையும் நாளிதழ்கள் ஒன்றுபோலவே அப்படி அழைக்கின்றன.

அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (பணிநிறைவு), அம்பாசமுத்திரம்

‘பேறு’ குறித்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். மாணவியர் இருவரும் சொன்னதே தீர்ப்பு. ‘கிரெடிட்’ என்றே எழுதுவதை ஏற்க மாட்டேன். புரியும் என்பதற்காக ஒவ்வொரு கட்டமாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் எழுத்துமட்டுமே தமிழாக நிற்கும்.

நேற்றிரவு நன்னூல் பொதுப்பாயிரத்தை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் உரைத்ததை முழுதும் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குச் சேர்வது காற்கூறுதான் என்கிறார் பவணந்தியார். பிறகு, ‘அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால், செவ்விதின் உரைப்ப அவ்விரு காலும், மையறு புலமை மாண்புடைத் தாகும்’ என்று கணக்கை முடிக்கிறார். உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால்; பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கையில் மிஞ்சிய இரண்டு காலும் வந்து நிறைகிறது. கேட்டதற்கு ஒரு பங்கு, உரைத்ததற்கு இரண்டு பங்கு. மருத்துவர் சொன்ன அமெரிக்க விதியும் ஒரு மணி உரைக்கு இரண்டு என்றே வைத்திருக்கிறது. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. கற்பித்தலும் கற்றலே என்பதற்கு அளவே குறித்துவைத்த மொழி நம்முடையது.

ஆகவே ‘கூறு’ என்னும் சொல்லைக் கேட்கிறேன். பங்கு என்பது அதன் பொருள். சொல்லுதல் என்பதும் அதன் பொருள். கேட்பவருக்குப் ‘பயில்கூறு’, உரைப்பவருக்கு ‘உரைகூறு’.

அனுப்புநர்: செவிலியர் ஆசிரியை, பாளையங்கோட்டை

ஐயா, அந்த நூற்பாவை நான் வகுப்பில் அனுபவித்திருக்கிறேன். அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மார்பை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். முப்பது அழுத்தம் பதினைந்து முதல் பதினெட்டு நொடிக்குள் முடிய வேண்டும். ஒரு பள்ளியில் பிள்ளைகளை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். பத்து வரை வேகம் சரியாக இருந்தது. ‘பதினொன்று’ வந்ததும் கை தளர்ந்தது, ‘இருபத்தேழு’ வந்தபோது பொம்மையின் மீது கை நின்றே போயிற்று. சொல் நீண்டதால் கை காத்திருந்தது. இதை ஆங்கிலத்தில் படித்த எனக்கு இது அதுவரை தெரியாது. அன்றிலிருந்து ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்கிறேன்.

குறுக்குத்துறைப் பக்கம் நடத்திய வகுப்பில், இந்திய உயிர்மீட்பு மன்றம் 2017இல் பொதுமக்களுக்காக வகுத்த, அழுத்தம் மட்டும் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தாய் எழுந்து, “ஆற்றில் முங்கின பிள்ளைக்கு மூச்சு ஊத வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டும். மூச்சு முட்டி நின்ற இதயத்துக்குக் காற்றும் வேண்டும். தாமிரபரணிக் கரையில் நின்றுகொண்டு அதை நான் முதலில் சொல்லாமல் விட்டது என் பிழை. அன்றிரவு உட்கார்ந்து படித்து, அடுத்த வகுப்பை மாற்றி அமைத்தேன். மருத்துவரே, அதே வகுப்பை மறுபடி நடத்தினால் கணக்கில்லை என்ற விதி இந்த இடத்தில் எனக்குப் பொருந்தவில்லை. மறுபடி நடத்தியதில்தான் நான் கற்றேன்.

ஆனால் ‘கூறு’ பொருந்துமா என்பது ஐயமே. எங்களுக்கு அது உடற்கூறு. அடுத்த நினைவு பிணவறை.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், நாங்குநேரி

அதிலும் ‘உடற்கூறாய்வு’ சரியா, ‘உடற்கூராய்வு’ சரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இந்தக் கட்டத்துக்குள் அதையும் இழுத்துவர வேண்டாம்.

‘பயிற்றுமொழி’ என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம். அந்த வழியிலேயே போனால் கேட்பவருக்குப் ‘பயில்புள்ளி’, நடத்துகிறவருக்குப் ‘பயிற்றுபுள்ளி’. தன்வினையும் பிறவினையும் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்பதால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கிரெடிட் என்ற என் கட்சியை இதற்காக விட்டுக்கொடுக்கிறேன்.

அனுப்புநர்: மயக்கவியல் மருத்துவர், தென்காசி

எனக்கு உடன்பாடு. கற்றது என்ற பொருள் ‘பயிற்றுபுள்ளி’யில் முழுதாக இல்லை என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். இன்று வியாழன் இரவு. மறுபடி நடத்தும் வகுப்பைப் பற்றிச் சகோதரி எழுதியது சரியான வாதம். வகுப்பை எங்கே மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுத இரண்டு வரி இடத்தைப் படிவத்திலேயே விடுங்கள்.

அனுப்புநர்: அச்சக உரிமையாளர், திருநெல்வேலி டவுன்

மெய்ப்பு அனுப்பியிருக்கிறேன். தட்டச்சு செய்த பையன் ‘பயிற்றுப்புள்ளி’ என்று ஒற்றுப் போட்டுவிட்டான். இருக்கட்டுமா, எடுக்கவா?

அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (பணிநிறைவு), அம்பாசமுத்திரம்

எடுக்க வேண்டும், அண்ணாச்சி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘புள்ளி’ குறித்த என் மறுப்பு அப்படியே நிற்கிறது. பெரும்பான்மையை மதித்து வழிவிடுகிறேன், உடன்படவில்லை. சொல்லடைவில் அதன் எதிரே ‘பரிந்துரை’ என்று மட்டுமாவது குறிக்க வேண்டுகிறேன்.

அனுப்புநர்: செவிலியர் ஆசிரியை, பாளையங்கோட்டை

குறித்துவிட்டேன், ஐயா. மருத்துவர் கேட்ட இரண்டு வரிக்கு மூன்று வரி விட்டிருக்கிறேன். அண்ணாச்சி, ஒற்றை நீக்கி அச்சுக்கு அனுப்பலாம்.