ஒட்டுக் கேட்க ஆளே இல்லை, ஆனாலும் 50% பிழை: பிபி84 நிரலில் உதவி தேவை

வெள்ளிக்கிழமை ஒரு குவாண்டம் தகவல்தொடர்பு ஆய்வகத்தில் திட்ட உதவியாளர் பணிக்கு நேர்காணல். தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023-ல் ஒப்புதல் கிடைத்ததிலிருந்து காத்திருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு. ஆலிஸ் (அனுப்புபவர்), பாப் (பெறுபவர்) இருவரும் ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளும் குவாண்டம் முறையான பிபி84-ஐ நிரலாக ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

நிரல் ஓடுகிறது, விடைதான் உதைக்கிறது. ஒட்டுக் கேட்கும் ஈவ் இல்லாதபோது, இருவருக்கும் ஒரே பேசிஸ் (அளக்கும் திசை) அமைந்த பிட்களில் பிழை 0 வர வேண்டும். எனக்கு 50% பக்கம் வருகிறது. ஈவ் எல்லாவற்றையும் அளந்து திருப்பி அனுப்பினால்கூட 25% தானே!

கிஸ்கிட் 1.2 (குவாண்டம் நிரல் எழுதும் பைதான் நூலகம்), அதன் ஏர் சிமுலேட்டர், விண்டோஸ் 11 மடிக்கணினி. ஒரு சர்க்யூட்டில் 8 க்யூபிட் (குவாண்டம் பிட்), ஷாட் (ஒரு சர்க்யூட்டை ஓட்டும் எண்ணிக்கை) 1, இப்படி 500 முறை. பழைய எக்ஸிக்யூட் கட்டளை கிஸ்கிட் 1.0-லேயே போய்விட்டதால் ட்ரான்ஸ்பைல் செய்துதான் (சிமுலேட்டருக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றித்தான்) ஓட்டுகிறேன்.

பேசிஸை மாற்றும் ஹடமார்ட் கேட்களை இரண்டு பக்கமும் சரிபார்த்தேன். புது என்விரான்மென்ட் போட்டு மறுபடி நிறுவினேன். அப்புறம் ஒரு விசித்திரம்: ஒரே ஒரு க்யூபிட் வைத்தால் பிழை 0. எட்டு வைத்து, ஆலிஸ் எல்லாமே 1 அனுப்பி, பேசிஸ் மாற்றாமல் விட்டாலும் 0. பிட்கள் கலந்து வந்தால் மட்டும் கெடுகிறது. மூன்று இரவுகள் போய்விட்டன.

எட்டு க்யூபிட் முடிவைப் பாபின் பட்டியலாக மாற்றும் இடத்தில் நான் எதைக் கவனிக்காமல் விடுகிறேன்?