எக்ஸ்போ போட்டால் திரையே வரவில்லை, உதவி தேவை
மன்னார்குடியில் வீட்டிலேயே புது கம்ப்யூட்டர் பூட்டி பத்து நாளாகிறது, பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் செட்டிங் பகுதி) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதற்குச் சொன்ன முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்கை, ஆன் செய்தால் மட்டும் திரையில் ஒன்றுமே வருவதில்லை. ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 போர்டு, டிடிஆர்5 16 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு, 6000 வேகம். எக்ஸ்போ இல்லாமல் 4800-இல் நன்றாக ஓடுகிறது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு பிழை காட்டவில்லை.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு அணையாமல் அப்படியே நிற்கும். டிடிஆர்5 முதல் தடவை டிரெயினிங்குக்கு (போர்டு ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது) நேரம் எடுக்கும் என்று அரை மணி நேரம் தொடாமல் விட்டுப் பார்த்தேன், பயாஸை அப்டேட் செய்தேன், பயாஸ் செட்டிங் அழிய போர்டில் உள்ள பேட்டரியைக் கழற்றியும் போட்டாயிற்று. ஸ்டிக்குகள் ஏ2, பி2 ஸ்லாட்டுகளில்தான் இருக்கின்றன, அதாவது ப்ராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்.

இன்னொரு விஷயம், எந்த ஸ்டிக்கைத் தனியாகப் போட்டாலும் 6000-இல் வந்துவிடுகிறது. ஒரே மாடல்தான், ஆனால் ஒன்று தஞ்சாவூரில் வாங்கியது, மற்றது இரண்டு வாரம் கழித்துக் கும்பகோணத்தில்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, மானிட்டர் போர்டின் எச்டிஎம்ஐ-யில்தான் இருக்கிறது, கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை, அதனால் ரேம் வேகம் எனக்கு ரொம்ப முக்கியம்.

ரேம் வோல்டேஜை 1.35-இல் வைத்து வேகத்தை 5600-க்கு இறக்கினால் போதுமா, இல்லை இரண்டையும் ஒரே பேக்காக மாற்றித்தான் ஆகவேண்டுமா?