இரவிலும் விரியாத சூரியப் பவளம்: உதவி தேவை

மூன்று வாரங்களாக என் கடல்நீர் மீன்தொட்டியில் உள்ள சூரியப் பவளம் இரவிலும் விரிவதில்லை. 200 லிட்டர் தொட்டி, 25 டிகிரி வெப்பம், ஒப்படர்த்தி 1.025, நைட்ரேட் 10. மற்ற பவளங்கள் நன்றாக இருக்கின்றன. ஒளியை உண்டு வாழும் இனமல்ல இது; விரிந்து இரை பிடித்தால்தான் உணவு. பட்டினி கிடந்தே அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் பார்க்கிறேன். மஞ்சள் உணர்கொம்புகள் மயிரிழை அளவு எட்டிப் பார்த்து, உடனே உள்ளே போய்விடுகின்றன. உறைந்த ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலின் சாற்றை விட்டேன், நீரோட்டத்தைக் குறைத்தேன், கால் பங்கு நீரை மாற்றினேன். பயனில்லை. நேற்றிரவு துப்புரவு இறால் அதன்மேல் ஏறி, வாய்களைக் கிளறிக்கொண்டிருந்தது. இதுவரை அப்படிக் கண்டதில்லை.

இறாலை வேறு தொட்டிக்கு மாற்றுவதா, வெட்டிய புட்டியைப் பவளத்தின்மேல் கவிழ்த்து உணவூட்டுவதா, எதை முதலில் செய்யலாம்?