கரடியா பேரிக்காயா? இங்கிலீஷ் கிளாஸில் நீங்கள் பார்த்தது

கோத்தகிரி டீச்சர்:
'நேற்று ராத்திரி' என்று தலைப்புக் கொடுத்து ஆறாம் வகுப்பில் நாலு வரி இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வரும் பையன் ஒருவன், ஒரு பேரிக்காய் வந்து சமையலறைக் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தான். வந்தது கரடி. இங்கிலீஷில் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. எங்கள் பக்கம் இரண்டுக்கும் பஞ்சமில்லை என்பதால் சிரித்துத் தள்ளிவிடவும் முடியவில்லை. 'பஸ்'ஸில் வரும் பி, 'பேப்ப'ரில் வரும் பி, தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இங்கே உங்களுக்கு எழுதிக் காட்டவே திண்டாடுகிறேன், அவன் என்ன செய்வான்! வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகள் இதில் தடுமாறுவதில்லை. அவர்கள் பேச்சில் இரண்டு ஒலியும் தனித்தனியே உண்டு.

நான் செய்வது: வாய்க்கு முன்னால் ஒரு காகிதக் கீற்றைப் பிடித்துச் சொல்லச் சொல்வேன். பேப்பர் பி-க்குக் கீற்று துள்ளும், பஸ் பி-க்கு அசையாது. அப்புறம்தான் எழுத்து. அடுத்த தொல்லை, கரடிக்கும் பேரிக்காய்க்கும் வாலில் இருக்கும் அதே மூன்று எழுத்து தனியாக நின்றால் காது. 'இயர்' என்று படிக்க வேண்டும். இதற்குக் காகிதக் கீற்று உதவாது. வாசித்து வாசித்துத்தான் பழகணும்.

குன்னூரிலிருந்து:
டீச்சர், எங்களுக்கு மலை ரயில் ஸ்டேஷன் போர்டே பாடம். லவ்டேல் பெயரில் இரண்டு 'இ' இருக்கு, இரண்டுக்கும் சத்தம் கிடையாது. 'டேல்' கடைசியில் இருப்பது வேலை செய்கிறது, முன்னால் உள்ள 'ஏ'-யை நீட்டுகிறது. 'லவ்'வில் இருப்பது சும்மா முட்டுக்கொடுத்து நிற்கிறது, ஏனென்றால் இங்கிலீஷ் சொல் பொதுவாக 'வி'-யில் முடியாது. கீழே ஹில்குரோவ் போர்டில் அதே 'ஓ-வி-இ', சத்தம் வேறு. 'லவ்'வில் 'யு' போட வேண்டிய இடத்தில் 'ஓ' வந்ததற்குப் பழைய கையெழுத்துப் படி எடுத்தவர்கள்தான் காரணம் என்பார்கள்: 'யு'வும் 'வி'யும் பக்கத்தில் வந்தால் ஒரே கோடு கோடாகத் தெரியும் என்று மாற்றிவிட்டார்களாம். இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்ப தப்பு என் மேல இல்லையா மிஸ்?" என்றான். பத்துத் தடவை இம்போசிஷன் எழுதுவதால் கைதான் வலிக்கும், இந்தக் கேள்வி வராது.

தலைகுந்தாவிலிருந்து:
நான் வாத்தியார் இல்லை, ஒரு அப்பா. மகளுக்குப் பள்ளியில் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923-ல் வெளியிட்ட கவிதை, பனி விழும் காட்டோரம் குதிரையோடு ஒருவன் நிற்பானே, அது. எங்களுக்கு உறைபனி தெரியும், ஜனவரியில் புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி கிடக்கும். மேலிருந்து பனி கொட்டி யார் பார்த்தது? தூங்குவதற்கு முன் இன்னும் வெகு தூரம் போகணும் என்ற கடைசி வரி ஏன் இரண்டு தடவை வருகிறது என்பதற்குக் கைடில் 'ரிப்பிட்டிஷன்' என்று ஒரே வார்த்தை. மகள், "முதல்ல தூரத்தைச் சொல்றான்பா, ரெண்டாவது தனக்கே சொல்லிக்கிறான், கிளம்பணும்னு" என்றாள். எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டேன். கடைசி வரிக்கு இரண்டு வரி முன்னால், வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று வரும் வரியில் விரல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே இன்னொன்றும் கண்டுபிடித்தாள்: முதல் மூன்று பத்தியிலும் மூன்றாவது வரி மட்டும் கடைசி ஓசை சேராமல் தனியாக நிற்கிறது, கடைசிப் பத்தியில் நாலும் ஒரே ஓசையில் முடிகிறது. எனக்கு இது தெரியவே தெரியாது.

பரீட்சையில் இதை எழுதி, கைடில் இருப்பது இல்லை என்று மார்க் போய்விட்டது. போய்க் கேட்கலாமா, பிள்ளைக்கு அதனால் தொந்தரவு வருமா?

கோத்தகிரி டீச்சர்:
கேளுங்கள் அண்ணா. மார்க்கைப் பற்றி முதலில் பேச வேண்டாம். விடைத்தாளை நீட்டி, இவள் காட்டிய வரிகளில் எது பொருந்தவில்லை என்று மட்டும் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே விளக்கட்டும்.