எக்ஸ் தளம் பிரபலங்களுக்கு மட்டும்தானா?

வெள்ளவத்தைக்காரன்:
தையல் கடை வைத்திருக்கிறேன். எக்ஸில், அதுதான் பழைய ட்விட்டரில், கணக்குத் திறக்கலாம் என்றால், அது அரசியல்வாதிக்கும் நடிகருக்கும்தான், தமிழில் எழுத இடமும் போதாது என்கிறார்கள். உண்மையா?

மழைத்துளி:
இல்லை அண்ணா. பேஸ்புக் நட்பு மாதிரி இரண்டு பக்கமும் சம்மதிக்கத் தேவையில்லை, விரும்பியவரைப் பின்தொடரலாம். ஒன்றுமே எழுதாமல் வெள்ள எச்சரிக்கையும் ரயில் தாமதமும் பார்க்க மட்டும் வைத்திருந்தாலும் குறையில்லை.

கொட்டாஞ்சேனை:
இடம் போதும். ஒரு பதிவுக்கு இருந்த 140 எழுத்து வரம்பு 2017இல் 280 ஆகிவிட்டது. ஆனால் தமிழில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனியாக எண்ணப்படும். 'க்' என்றாலே இரண்டு போய்விடும், அதனால் நமக்குக் கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும். பதிவில் போடும் இணைய இணைப்பு (லிங்க்) எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்தாகத்தான் எண்ணப்படும்.

பம்பலப்பிட்டி அக்கா:
தம்பி, நான் பார்த்ததில் மோசமான நினைப்பு, அழித்தால் போய்விடும் என்பதுதான். நீங்கள் அழிப்பதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருப்பார்கள். துணி பிந்திய கோபத்தில் ஒரு வாடிக்கையாளர் திட்டினால், சரி, அங்கேயே பதிலுக்குப் பதில் எழுதாமல் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள்.