கண்ணில் படாத பேய் வரும் கதைகள் வேண்டும்

நண்பர்களே, ஒரு உதவி. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். வரம் தரும் ஒரு குரங்குப் பாதத்திடம் 200 பவுண்டு வேண்டுமென்று அப்பா கேட்கிறார். மகன் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போக, அதே 200 பவுண்டு இழப்பீடாக வருகிறது. அதைவிட என்னை உலுக்கியது கடைசிக் காட்சிதான். செத்த மகன் உயிரோடு திரும்ப வேண்டுமென்று இன்னொரு வரம் கேட்டபிறகு, வாசலில் யாரோ தட்டுகிறார்கள். மேல்தாழ்ப்பாள் எட்டாமல் அம்மா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். அந்தக் கிரீச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. வெளியே நின்றது என்னவென்று கடைசிவரை நமக்குக் காட்டுவதே இல்லை, பயமே அதில்தான்.

இப்படி எதையும் காட்டாமல் நடுங்க வைக்கும் தமிழ்ச் சிறுகதைகள் தெரிந்தால் சொல்லுங்கள். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ படித்துவிட்டேன். எந்தத் தொகுப்பில் கிடைக்கும், படிக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு சிலிர்த்தது என்பதையும் எழுதினால் ரொம்ப உதவியாக இருக்கும்.